உதைபந்தாட்டக் கழகப் பட்டியலும் தோட்டத்துத் திகதிகளும்

1. களவுக் கொப்பி

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். கண்டியில் ஒரு மாடிக் கந்தோரில் நான் தரவுப் பதிவாளராக இருந்தேன். அடையாள அட்டை இல்லாத தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் அகப்படுகிற தமிழனின் கதி என்னவென்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஒருநாள் காலை எங்கள் பொறுப்பாளர் பைரூஸ் சேர் ஒரு கடிதத்தோடு வந்தார். கணினிகளில் காசு கட்டாத களவுக் கொப்பி மென்பொருள் இருந்தால் உதவியை நிறுத்திவிடுவோம் என்று உதவி தருகிற வெளிநாட்டு நிறுவனம் எழுதியிருந்தது. எங்களிடம் இருந்தது முழுக்கக் களவுக் கொப்பிதான்! அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற திறந்த மூல ஒப்பிஸ் மென்பொருளைப் போட்டோம். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் எங்கள் பழைய விண்ணப்பப் பட்டியல் அதில் கோணல்மாணலாகத் திறந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு படிவமும் அச்சடிக்க முடியாது.

மடுல்கெல்லைப் பக்கத் தோட்டம் ஒன்றில் மூன்று கிழமையில் நடமாடும் சேவை. கொழும்பிலிருந்து அதிகாரிகள் ஒரே ஒரு நாள் வருவார்கள். அதற்குள் நூற்றுச் சொச்சம் படிவம் தயாராக வேண்டும். ஏலுமா என்று பைரூஸ் சேர் கேட்டார். ஓம், ஏலும் என்றேன். என் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான், இன்றைக்கும்.

2. இலவசம் தேடிப் போனது

கந்தோரில் இருந்தது தொலைபேசி வழி இணையம். ஒரு பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி குடித்து, கோப்பையையும் கழுவி வைக்கலாம். அதனால் பேராதனை வளாகத்துக்குப் பக்கத்தில் இருந்த இணையக் கடைக்குப் போய், ஆயத்தமாகச் செய்த பட்டியல் மாதிரி, அதாவது டெம்ப்ளேட், ஏதும் கிடைக்குமா என்று தேடக் குந்தினேன்.

இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். இலவச டெம்ப்ளேட் என்று மட்டும் போட்டுத் தேடினால் வருகிறதில் பாதி உங்கள் கடனட்டை இலக்கத்தைக் கேட்கும். மென்பொருளின் பெயரையும் கோப்பு வகையின் மூன்று எழுத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். அப்படித் தேடித்தான், பாவனையாளர்கள் தாங்கள் செய்ததைத் தாங்களே பகிர்கிற ஒரு தளத்தைக் கண்டுபிடித்தேன். கலியாண விருந்தாளிப் பட்டியல், உடம்பு மெலிகிறவர்களின் நிறைப் பட்டியல், நாய்க்கு ஊசி போட்ட நாள் என்று உலகத்தில் இல்லாத அட்டவணையெல்லாம் அங்கே கிடந்தது.

கடைசியில் அமெரிக்காவில் எங்கேயோ ஓர் உதைபந்தாட்டக் கழகம் தன் அங்கத்தவர்களுக்காகச் செய்த டெம்ப்ளேட் அகப்பட்டது. பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர், முகவரி எல்லாம் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆளுக்கொரு படிவம் வரும். 'விளையாடும் இடம்' என்ற நிரலைத் 'தோட்டப் பிரிவு' ஆக்கினேன். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பைரூஸ் சேருக்குக் காட்டி, இதைக் காசு கொடுத்து வாங்கினாலும் இப்படி வராது என்று பெருமையடித்தேன்.

நான்கு நாளில், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளைப் பார்த்து, எல்லாப் பிறந்த திகதிகளையும் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இலக்கமாகத் தட்டினேன். படிவத்தில் மாதத்தின் பெயர் எழுத்தில் வர வேண்டும். முழு நிரலையும் தெரிவுசெய்து கணினியை அப்படி மாற்றச் சொன்னேன். ஒரு பகுதித் திகதிகள் உடனே அழகாக மாறின. மற்றவை அசையாமல் இலக்கமாகவே நின்றன. சனியன், அடம்பிடிக்குது என்று திட்டிக்கொண்டு, நின்றவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எழுத்தில் மாற்றித் தட்டினேன். நிரல் முழுக்க ஒரே சீராக வந்தது. அச்சடித்துக் கட்டி வைத்தேன்.

3. மடுல்கெல்லையில்

தோட்ட மண்டபத்தில் காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. முன்னுக்கு நின்றவர் கணேசன். முப்பது வயதிருக்கும், கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை. படிவத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை.

"மிஸ், இதுல மே நாலுன்னு இருக்குங்க. நான் ஏப்ரல் அஞ்சு."

"சேட்டிபிக்கட்டில இருக்கிறதைத்தான் தட்டினனான்," என்றேன். "நான் தட்டினதில பிழை வராது."

அவர் சண்டைக்கு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து என் முன்னால் விரித்தார். ஏப்ரல் ஐந்துதான்.

"போன வருசம் பதினோரு நாள் உள்ள வச்சிருந்தாங்க மிஸ். தோட்டத்துக் கடுதாசியில ஒரு தேதி, நான் சொன்னது ஒரு தேதி. அதுக்காகத்தான்."

அடுத்த படிவங்களைச் சான்றிதழ்களோடு வைத்துப் பார்த்தேன். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். அந்த டெம்ப்ளேட் ஐந்தாம் திகதி நான்காம் மாதத்தை, ஐந்தாம் மாதம் நான்காம் திகதி என்று வாசித்திருக்கிறது. இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று கிடையாது. அதனால் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாட்களில் அது கைவைக்கவில்லை. அதாவது, அடம்பிடித்து நின்றவைதான் சரி. சொன்னவுடன் அழகாக மாறியவைதான் பிழை. நான் சரியானவற்றோடு மல்லுக்கட்டிவிட்டுப் பிழையானவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

பைரூஸ் சேர் ஒரு சொல் ஏசவில்லை. "இப்ப யோசிச்சு வேல இல்ல. எத்தன பிழை ஈக்கி எண்டு பாருங்க," என்றார்.

அதிகாரி வெட்டித் திருத்திய படிவத்தை எடுக்க மாட்டேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். மூன்று மணிக்குப் புறப்படவும் வேண்டுமாம். நான் வரிசையை இரண்டாகப் பிரித்தேன். மாதத்தில் பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு பிறந்தவர்களை முதலில் உள்ளே அனுப்பினேன். மற்றவர்களுக்கு, சேர் கொண்டுவந்திருந்த வெற்றுப் படிவங்களில் கையால் எழுதத் தொடங்கினேன். தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவரும் வந்து உட்கார்ந்தார். கணேசன் கேட்காமலே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பேனையை எடுத்தார். அவருடையதை முதலில் எழுதுகிறேன் என்றேன். மற்றவங்களுது முடியட்டும் என்றுவிட்டார். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்று மணி. அதிகாரி பையைப் பூட்டினார். என் கையில் ஒரே ஒரு படிவம், கணேசனுடையது. அதிகாரி கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இந்த ஆள் காலையில் முதலாவதாக வந்தவர், பிழை முழுக்க என்னுடையது, அவருடையதல்ல என்று மண்டபத்துக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன். அதுவரை என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து வந்ததில்லை. அதிகாரி பையைத் திறந்தார்.

சில மாதம் கழித்துக் கந்தோருக்கு ஓர் அழைப்பு வந்தது. பின்னால் வாகன இரைச்சல்.

"மிஸ், கணேசன் பேசுறேன். இப்பத்தான் செக் பொயின்ட்ல மறிச்சாங்க. அட்டைய பாத்துட்டு, போன்னுட்டாங்க." அதோடு வைத்துவிட்டார். நான் மேசையில் கவிழ்ந்து அழுதேன்.

இலவச டெம்ப்ளேட்டை எடுங்கள், அதில் வெட்கமில்லை. நான் ஓய்வுபெறும் வரைக்கும் எடுத்தேன். ஆனால் முதலில் அது எந்த நாட்டு வழக்கத்தில் திகதி வாசிக்கிறது என்று செட்டிங்ஸ் என்கிற அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பாதி மாறி மறுபாதி மாறாவிட்டால், மாறியதையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். மடுல்கெல்லைக்குப் பிறகு, சொந்தக்காரர் தன் பிறந்த நாளைத் தன் வாயால் சொல்லாமல் ஒரு படிவமும் என் மேசையைத் தாண்டியதில்லை.