அடுத்தவர் கை படாத கியர்

எங்கள் வீட்டுக் காருக்கு ஒன்பது வயது. அந்த ஒன்பது வருடமும் அதை ஓட்டியவன் நான் ஒருவன்தான். என் மனைவி முறையாகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவள். அந்த லைசென்ஸ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பழகாத கை பட்டால் கியர் பாக்ஸ் போய்விடும் என்பது நான் போட்ட சட்டம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறவனுக்குச் சட்டம் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பராமரிப்பில் என்னை ஒரு பயல் குறை சொல்ல முடியாது. மாதம் தவறாமல் வாட்டர் சர்வீஸ். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம். இரண்டாவது கியர் லேசாக முரண்டு பிடிக்க ஆரம்பித்தபோது, எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கியர் தண்டின் தலையில் பூசினேன். வெளியூர் ஆட்கள் தேடி வந்து சொறி சிரங்குக்கு வாங்கிப் போகிற மண், உள்ளூர்க் கியருக்குக் கேட்காதா? இரண்டு நாள் கேட்ட மாதிரியும் இருந்தது. கியர் பாக்ஸுக்குள் எண்ணெய் என்று ஒன்று உண்டு, அதைப் பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும் என்பது மட்டும் இவ்வளவு சிரத்தைக்கு நடுவே எனக்குத் தோன்றவே இல்லை.

வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டுவதை முதலில் பார்த்தவள் மனைவிதான். அவள் காலையில் கோலம் போடும் இடம் அது.

"ஏங்க, வண்டி ஒழுகுது. என்னன்னு பாருங்களேன்."

உடனே நடவடிக்கை எடுத்தேன். வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்தி, சொட்டுவது சாக்கடையில் விழும்படி செய்தேன். கோலம் தப்பித்தது, புகார் முடிந்தது. அலுவலகத்திலும் பல மனுக்களை இப்படித்தான் முடித்து வைத்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போது, டீச்சராக இருந்த அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. இளையரசனேந்தல் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. பல வருடமாகக் காத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி எப்போது வருமோ தெரியாது. பள்ளி நேரத்துக்குத் தோதாக அங்கே பஸ் கிடையாது. "நானே கார்ல போயிட்டு வாரேன்" என்றாள். அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பதவி உயர்வை ஏற்க இயலாமைக்கு வருந்தி, அவள் சார்பில் அழகான கடிதம் ஒன்று எழுதி முடித்துவிட்டேன்.

"குடும்பச் சூழ்நிலைன்னு போட்டிருக்கேன். ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். கையெழுத்து மட்டும் போடு."

அவள் முழுவதும் படித்தாள். "இதுல சூழ்நிலைன்னு எழுதியிருக்கது உங்களைத்தானங்க?" என்று கேட்டாள். கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வண்டியை ஓட்டியது நான்தான், சொல்லவா வேண்டும்? அந்தச் சாலை எவ்வளவு கஷ்டமானது என்று வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே போனேன். குருவிகுளம் தாண்டி ஒரு வேகத்தடை. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். கடகடவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! அதன் பிறகு எந்தக் கியரும் விழவில்லை. நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டோம். அந்த நிலையிலும் என் வாய் சும்மா இருந்ததா?

"பாத்தியா? நீ ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்!"

அவள் கதவைத் திறந்து இறங்கி, வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டாள்.

கயிறு கட்டி இழுத்து ஊருக்குக் கொண்டுவந்து, மெக்கானிக் ஒருவரிடம் விட்டோம். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாத ஆள். வண்டியைத் தூக்கி, கியர் பாக்ஸின் அடி போல்ட்டைக் கழற்றி, கீழே ஒரு சட்டியை வைத்தார். ஒரு டீ கிளாஸ் அளவுகூட வரவில்லை. வந்ததும் தார் மாதிரி இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் காட்டினார். மினுமினுவென்று இருந்தது.

"எண்ணெய் எல்லாம் ஒழுகிப் போச்சு அண்ணாச்சி. மினுங்குதுலா, அதெல்லாம் உள்ள இரும்பு அரைஞ்ச பொடி."

மறுநாள் இருவரும் போனபோது கியர் பாக்ஸைப் பிரித்து மேசையில் பரப்பியிருந்தார். எண்ணெய் இல்லாதது மட்டும் காரணம் இல்லை என்றார். கிளட்சை முழுசாக மிதிக்காமல் கியரை மாற்றியிருக்கிறது, ஓட்டும்போது கையைக் கியர் தண்டின் மேலேயே வைத்து அழுத்தியிருக்கிறது என்று, தேய்ந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பிறகு ரொம்பப் பரிவாகக் கேட்டார்.

"ஓட்டத் தெரியாத ஆளு யாரோ இதுல ஓட்டிப் பழகியிருக்காங்க. யாரு அண்ணாச்சி, டீச்சரா?"

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிடும், வண்டியும் என் கையிலேயே இருக்கும். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க. கேக்காருல்லா?"

"நாந்தாம்பா" என்றேன். "ஒம்பது வருஷமா நான் மட்டுந்தான்."

மெக்கானிக் குனிந்து ஏதோ ஒரு நட்டைத் தேட ஆரம்பித்தார். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தார் என்பது எனக்குத் தெரியாதா? என் ஆயுசில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மனைவி சிரிக்கவில்லை. "அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது ரிங், புது பேரிங், புது சீல், புது எண்ணெய் என்று எல்லாம் மாற்றி வண்டி தயாராகிவிட்டது. சாவிக்கு நான் கையை நீட்டினேன். மெக்கானிக் அதை என் மனைவியிடம் கொடுத்தார். எண்ணெய் அளவை எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் அவளிடமே சொன்னார்.

திங்கட்கிழமை காலை அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அலுவலகப் பையோடு இடப்பக்கக் கதவில் கை வைத்தேன்.

"நீங்க ஆபீசுக்கு நடந்தே போயிருங்க" என்றாள். "வண்டிக்கு அதான் நல்லது."

வண்டி கிளம்பியது. தெருமுனை வளைவில் வேகம் குறைந்து, இரண்டாவது கியர் விழுந்தது. ஒரு சத்தம் இல்லை. ஒன்பது வருடத்தில் நான் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை.