கஜேந்திரன் அண்ணன் எடுத்த அளவு

கஜேந்திரன் அண்ணன் காலமான செய்தி வந்தபோது நம் சேவைச் சங்கக் கூடத்தில் தீபாவளிப் பொட்டலங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். வேலூரில் மகள் வீட்டில் இருந்தவருக்கு விடியற்காலையில் மாரடைப்பு. அவர் முப்பது வருஷம் வேலை பார்த்த தபால் ஆபீசிலிருந்தே ஒருவர் தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். ஒரு விஷயத்தைச் சங்கத்தார் உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடட்டுமா என்று இனி அவரிடம் கேட்க முடியாதே என்ற பயம். அந்த விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தீபாவளியில் தொடங்கிப் பொங்கல் கோலப்போட்டி முடியும்வரை நம் சங்கத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அண்ணன் செயலாளராக இருந்த காலத்தில் அவர் வீட்டில் சாப்பிட்ட நாட்களை எண்ணிவிடலாம். தாமலுக்கு அப்பால் இருக்கும் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு வருஷா வருஷம் தீபாவளித் துணி கொடுப்போம் அல்லவா? முன்பெல்லாம் பெரிசு, சிறிசு, நடுத்தரம் என்று மூன்றே அளவில் தைத்து எடுத்துப்போவோம். ஒரு வருஷம் விழா முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். ஊர் வந்ததும் அண்ணன் சொன்னார்: “ஒரு பொண்ணுக்குப் பாவாடை கால்ல சிக்குது. எழுந்தா விழுந்துடுவோம்னு கடைசி வரைக்கும் உக்காந்துக்கினே இருந்துச்சிப்பா. எனக்கு லட்டு தொண்டையில எறங்கல.”

அடுத்த வருஷத்திலிருந்து அவரே போய் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்தார். நாடா கிடையாது, நூல்தான். தோளிலிருந்து கால்வரை ஒரு நூல். இடுப்புக்கு வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நாற்பத்தொரு நூல். விடுதிப் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரிசைப்படி ஒரு அட்டையில் சொருகிக் கொண்டுவருவார். ஏன் இந்த வேலை என்று நான் கேட்டதற்கு, “டேப்புல அளந்தா நம்பர்தான் வரும் ஏகாம்பரம். நூல்ல புள்ளையே வந்துடுது” என்றார். நம் தையற்காரர் மஸ்தான் பாய்க்கும் நூல்தான் வசதி. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம்.

அரிசிக்கு எல்லோரும் வரிசையில் நின்ற அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. நான் அப்போது மின்சார ஆபீசில் குமாஸ்தா. சங்கத்தில் துணைச் செயலாளராகி இரண்டே மாதம். வீட்டில் அப்பா கால் இறக்கி நெய்யும் தறிக்குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தறியில் யாரோ வீட்டுக் கல்யாணப் புடவை பாதியில் நின்றது. அப்பா குழியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தேன். அண்ணன் நூல் அட்டையை என்னிடம் கொடுத்து, “வரிசை கலையாம பாய் கையில குடுத்துடுப்பா” என்றார். மழையில் விழாவை நடத்துவதா, தள்ளிப்போடுவதா என்று கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். என் நினைப்பெல்லாம் தறிக்குழியிலேயே இருந்தது.

கூட்டம் முடிந்து குனிந்து பார்த்தேன். மடியில் அட்டை காலியாகக் கிடந்தது. என் கையில் ஒரே நூல், விரலில் உண்டையாகச் சுற்றியிருந்தது.

தறியில் அறுந்த இழையைக் கண்டால் இணைப்பது எனக்கு ஐந்து வயதிலிருந்து வந்த பழக்கம். கண் பார்க்க வேண்டியதில்லை, விரலே முறுக்கி முடிச்சுப் போட்டுவிடும். கைக்கு வந்த நூலையெல்லாம் உருவி, ஒன்றோடு ஒன்று முடிந்து, மீந்த நுனியைப் பல்லால் கடித்துத் துப்பியிருக்கிறேன். நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரே நூலாகிவிட்டார்கள். இனி அவிழ்த்தாலும் எது யார் அளவென்று தெரியாது. தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். உண்டையை வாங்கி உருட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “நல்லாதாம்பா போட்டுக்கிற முடிச்சு” என்றார். அதற்குள் நம் தலைவர் மற்றவர்களோடு வந்துவிட்டார். அவர் கோபம் உங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை அழுத்தி மிதித்துக்கொண்டு, “நாந்தாங்க சைக்கிள்ல வச்சி மழையில வுட்டுட்டேன். எல்லாம் சிக்கிக்கிச்சி” என்றார். அத்தனை பேர் முன்னால் தலைவர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் மறுபடி அளவெடுக்கக் கிளம்பினார். தாமல் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழியாக வெள்ளம் போகிறது, விடுதிக்குப் போகும் பாதை முழுகிவிட்டது என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். நானும் வருகிறேன் என்றேன். “ஒனக்கு நீச்சல் தெரியாது. நீ வந்தா உன்னையும் சேத்து நான் பாத்துக்கணும்” என்று விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பஸ் நிலையத்துக்கும் சங்கத்துக்குமாக நடந்தேன். பத்து மணிக்கு ஏரிக்கரை உடையப்போகிறது என்று ஒரு பேச்சு. பன்னிரண்டு மணிக்கு மாடு ஒன்றை வெள்ளம் அடித்துப்போனது என்று இன்னொரு பேச்சு. அவருடைய மனைவி குடை பிடித்துக்கொண்டு வந்து, “இன்னா தம்பி, அவரு எங்க? சாப்பாடு கூட எடுத்துக்கினு போகலியே” என்று கேட்டார். வந்துவிடுவார் அண்ணி என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் திரும்பாவிட்டால் இந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மாலை ஐந்து மணிக்கு வந்தார். கழுத்துவரை சேறு. தலைப்பாகையை அவிழ்த்தார், உள்ளே எண்ணெய்த் தாளில் நாற்பத்தொரு நூலும் நனையாமல் இருந்தன. “பாயிகிட்ட நானே குடுத்துடறேன்பா” என்றார். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. மஸ்தான் பாய் இரண்டு நாளில் தைத்து முடித்தார். வெள்ளமும் வடிந்தது. தீபாவளியன்று காலை விடுதியில், துணி காலில் சிக்குமென்று ஒரு பிள்ளைகூட உட்கார்ந்திருக்கவில்லை.

இதன் பிறகு நடந்ததுதான் என்னை அரிக்கிறது. பொங்கல் கழித்து வந்த ஆண்டுக் கூட்டத்தில், பொறுப்பில்லாதவர் செயலாளராக இருக்கக் கூடாது என்று பேச்சு எழுந்தது. புதிய செயலாளருக்கு என் பெயரைச் சொன்னார்கள். அண்ணன்தான் முதலில் கை தூக்கினார். வீட்டுக்குப் போகும் வழியில், “எல்லார்கிட்டேயும் சொல்லிடறேண்ணா” என்றேன். “சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் போஸ்டாபீஸ்ல தெனம் திட்டு வாங்குறவன். நீ இப்பதான் வந்துக்கிற. வேலையப் பாரு” என்றார். அவர் வேண்டாம் என்றதால்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்துதான் சொல்லவில்லை.

அண்ணனுடைய சைக்கிள் வேலூரில் இருக்கிறது. கண்ணாடியை அண்ணி வைத்திருக்கிறார். என்னிடம் இருப்பது ஒன்பது வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் இந்தச் செயலாளர் நாற்காலி. அந்தத் தீபாவளி முடிந்து வந்த நம் சங்கச் செய்தி மடலை யாராவது பத்திரமாக வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘செயலாளரின் கவனக்குறைவால் அளவு நூல்கள் மழையில் வீணாயின’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவன் நான். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துக் கொடுத்தவர் அவர்.