இரண்டும் வெள்ளை

தாது வருஷப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடிப் போன சகாயமேரியின் புருஷன் சவரிராஜ், பதினோரு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தான். வந்தவன் மாணிக்கவேல், அவனோடு வேலை செய்கிறவன்.

"வியாழக்கிழமை திரும்புறேன் தங்கச்சி. உன்னைக் கையோட இட்டாரச் சொன்னாரு," என்றான்.

சகாயமேரிக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆரணியில் உண்ணாமலை வீட்டுப் பட்டுத்தறிக்கு ராட்டையில் ஊடை நூல் தார் சுற்றித்தான் இத்தனை வருஷமும் கஞ்சி குடித்தாள். அவன் போன மூன்றாம் மாதம் கைக்குழந்தை சுரத்தில் இறந்தது. அது அவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ. புருஷன் கூப்பிட்டால் போக வேண்டியதுதானே என்றது ஒரு மனம். முகமே மறந்துபோனவனோடு என்ன குடித்தனம் என்றது இன்னொன்று. மூன்று நாள் மாதா படத்தின் முன்னால் ஜெபமாலை உருட்டினாள். பதில் வரவில்லை.

"சும்மா மொணமொணன்னு நீயே பேசிகினு இருந்தா அவங்க எப்படிடி பேசுவாங்க?" என்றாள் உண்ணாமலை. "எங்க அம்மன்கிட்ட நாங்க பூ கட்டிப் பாக்கல? சிவப்பு அரளின்னா போ, வெள்ளைன்னா இரு. பொட்டலம் நான் கட்டித் தரேன். உங்க மாதாகிட்ட வச்சி எடு."

கோயில் உபதேசியார் கேள்விப்பட்டால் வாசற்படி ஏற விடமாட்டார். இருந்தும் புதன்கிழமை காலை இரண்டு இலைப் பொட்டலங்களைப் படத்தடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. மற்றதைக் குப்பையில் போடப் போனவள், கை சும்மா இராமல் பிரித்தாள். அதுவும் வெள்ளை. இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு உண்ணாமலை வீட்டுக்குப் போனாள்.

"இன்னாக்கா இது?"

உண்ணாமலை தறியிலிருந்து தலை நிமிரவில்லை. "நீ பூட்டா எனக்கு யாருடி தார் சுத்துவா?"

"சாமி முன்னாடி வைக்கிறதுல போயி..."

"உங்க சாமிதானே. எங்க சாமிகிட்டன்னா செய்வனா?"

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சகாயமேரி வீடு திரும்பினாள். பொட்டலம் பொய். ஆனால் வெள்ளையைப் பார்த்ததும் வந்த நிம்மதி? அதை உண்ணாமலை கட்டித் தரவில்லையே. அப்படியானால் அது யார் சொன்ன பதில்?

மறுபடி முழங்காலிட்டாள். இத்தனை வருஷமாக ராட்டை சுற்றிக்கொண்டே ஜெபம் சொன்னவள். கை ஓடுகிற ஓட்டத்துக்கு வாயும் ஓடிப் பழகியிருந்தது. இன்று கை சும்மா இருந்தது. யேசு கற்பித்த பரமண்டல மந்திரத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நமக்குத் தீங்கு செய்தவர்களைப் பொறுப்பது பற்றி வரும் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. தினம் தினம் பல தரம் சொன்ன வரி. ஒரு தரமாவது மனசறிந்து சொன்னாளா?

பொறுக்கவில்லை. குழந்தையைப் புதைத்த அன்று அவன் இல்லாததை அவள் இன்னும் பொறுக்கவில்லை. இதை மாதா காட்டினாளா, தன் மனமே காட்டியதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த வரியைத் தாண்டாமலே எழுந்தாள்.

வியாழக்கிழமை மாணிக்கவேல் மூட்டையோடு வந்து நின்றான்.

"நான் வரலண்ணே. அவரையே வந்து கூப்பிடச் சொல்லுங்க."

"வந்தா போவியா?"

"தெரியல. புள்ளய வச்ச இடத்த முதல்ல காட்டணும். பொறுத்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இன்னும் அங்கதான் நின்னுகினு கீறேன்."

மாணிக்கவேலுக்கு எதுவும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினான். சகாயமேரி ராட்டையை எடுத்துக்கொண்டு உண்ணாமலை வீட்டுக்கு நடந்தாள்.