திவே காட் உச்சியில்

புனேயிலிருந்து பண்டரிபுரம் போகும் பாதயாத்திரை வழியில் முதல் பெரிய ஏற்றம் திவே காட். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடமான நான், இன்று காலை அதில் ஏறிக்கொண்டிருக்கிறேன். எங்கும் உட்காராமல் ஏறிவிட்டால் கார்த்திகை ஏகாதசிக்கு நடந்தே போவேன், இல்லாவிட்டால் ரயில்தான். இந்த வயதில் நடை எதற்கு என்று மாதக்கணக்காகத் தடுத்துவந்த என் கணவர், மடக்கு நாற்காலியோடு ஸ்கூட்டரில் பின்னாலேயே ஊர்ந்து வருகிறார்.

லாரிகள் புழுதியை முகத்தில் வாரியடித்துவிட்டுப் போகின்றன. கடைசி வளைவில் தொடை நடுங்குகிறது. நிற்கிறேன்; உட்காரவில்லை. மறுபடி நடக்கிறேன்.

உச்சி! கீழே ஏரி வெயிலில் மின்னுகிறது. வியர்வை வழிய நான் நின்று சிரிக்கிறேன். அவரோ நாற்காலியை விரித்து, "அப்பாடா" என்று தானே உட்கார்ந்துவிடுகிறார்.

அங்கே சீத்தாப்பழம் விற்கும் பெண் மராத்தியில் என்னிடம் கேட்கிறாள்: "பாவம், அவருக்குக் கால்ல என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. ஆபரேஷன் பண்ணின கால் என்னுது. கீழேருந்து நடந்தே ஏறினேன்."

அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். பெரிய பழமாகப் பார்த்துப் பிளந்து என் கையில் வைக்கிறாள். "எங்க ஊர்க் கூட்டம் கார்த்திகைக்கு இந்த வழியாத்தான் நடந்து போகுது. எங்களோடயே வாங்களேன்."

"கட்டாயம் வரேன்."

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்கிறார்.

"இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமான்னு கேளு, சரோ. நானும் நடக்கறேன்."