பேக்லைட் பட்டன்

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரிப் பக்கம் ஒருவன் வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை அவனுக்குத்தான். முதல் பந்தியிலேயே இலை போட்டுவிடுவார்கள். ஐயர்கூட, "பாய், தாலி எடுத்துக் குடுக்கலாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். அந்த மிதப்பில் தரையில் கால் படாமல் திரிந்தவன் நான். இன்று கேமரா பிடிக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து லைட்டிங் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார்கள். எனக்கு அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மானம் போன கதை ஒன்றுதான் இருக்கிறது.

1. சொந்தப் பாட்டு

என் கடைக்குக் காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். குணசேகரன் என்ற பையன்தான் பேசினான்.

"பாய், ஆண்டு விழாவுல டி.வி. வச்சுக் காட்டறதுக்கு ஒரு பாட்டு எடுக்கணுங்க. சினிமாப் பாட்டுக்கு ஆடறது இல்ல. எங்க கிளாஸ் புள்ளையே கட்டுன பாட்டு."

அந்தப் பிள்ளை மல்லிகா. சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். விடியற்காலையில் மலை ஏறி வரும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. பக்கத்தில் ரீட்டா என்ற பெண் ஆர்மோனியம். முதலில் பாட்டை மட்டும் ஆடியோ கேசட்டில் பதிவு செய்வோம் என்று, பின்னறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர், தலை சீவின சீப்பும் கையுமாக உள்ளே வந்து நின்றுவிட்டார். அப்படிப் பாடினாள்.

முடிந்ததும் மல்லிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பாய், டி.வி.ல என் மூஞ்சி வருங்களா?"

"ஏம்மா வராம? நீதானே பாடற."

"எங்கம்மா வருதுங்க பாய். படிச்சது போதும், புள்ளைய வூட்டுக்குக் கூட்டியான்னு சித்தப்பா நச்சரிச்சுக்கிட்டே இருக்காரு. அம்மா ஒருத்திதான் மல்லுக்கட்டுது. நான் இங்க என்னா பண்றேன்னு அது ஒருவாட்டி கண்ணால பாத்துட்டா தெம்பா இருக்கும்."

"ஜம்முன்னு வரும், போ" என்றேன்.

2. ஒகேனக்கல்

பரிசலில் பிள்ளைகளை உட்காரவைத்தேன். பின்னால் அருவி விழுகிறது. டேப் ரெக்கார்டரில் பாட்டை ஓடவிட்டு, அதற்கு வாயசைக்கச் சொல்லிவிட்டு வியூஃபைண்டரில் பார்த்தால் மல்லிகாவின் முகத்தைக் காணோம். கரேலென்று ஒரு உருவம் மட்டும் தெரிந்தது.

காரணம் சின்ன விஷயம். பின்னால் வெள்ளை வெளேர் என்று நுரை இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு கேமரா தானாகவே வெளிச்சம் நுழைகிற துவாரமான ஐரிஸைச் சுருக்கிவிடும். முன்னால் இருக்கிற முகம் இருட்டாகும். அதற்கென்றே கேமராவில் பேக்லைட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் முகம் வந்துவிடும். இல்லையென்றால் பரிசலைத் திருப்பச் சொல்லி, முகத்தில் வெயில் விழுகிற மாதிரி வைத்திருக்கலாம். எனக்கு இரண்டும் தெரியாது. கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பவுடர் அப்பியிருப்பார்கள், நான் சன்கன் லைட்டை மூஞ்சிக்கு நேரே அடிப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த லைட்டிங். கேமராவோடு வந்த புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பரிசல்காரர் முன்னாலும் காலேஜ் பிள்ளைகள் முன்னாலும் அதைச் சொல்ல மனசு வரவில்லை. பக்கத்தில் இருந்த ரீட்டா நல்ல சிவப்பு. அவள் முகம் ஓரளவு தெரிந்தது.

"இந்த நிறத்த கேமரா எடுக்காதும்மா. நீ அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. ரீட்டா, நீ வாயசை" என்றேன்.

இந்த நிறம் என்றேன், கேட்டுக்கொள்ளுங்கள். நானும் கறுப்புதான். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை கொஞ்சம் நிறம் மட்டுதான் என்று காது படச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவன்தான். எழுதும்போதே இப்போது கூசுகிறது.

ரீட்டா விடவில்லை. "பாட்டு அவளுதுங்க பாய். அவ இல்லாம எப்படி?"

"சினிமாவுல பாடறவங்க மூஞ்சியவா காட்றாங்க? கொரல் ஒருத்தர், மூஞ்சி ஒருத்தர். எனக்குத் தொழில் தெரியும்மா."

மல்லிகாதான், "செய்டி, பரவால்ல" என்று சொல்லிவிட்டு மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

3. வெட்டிய ஷாட்

எடிட்டிங் என்றால் அன்று இரண்டு வீடியோ டெக்தான். ஒன்றில் ஓடவிட்டு மற்றொன்றில் நிறுத்தி நிறுத்திப் பதிவு ஏற்றவேண்டும். ஒரு துண்டு தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஷாட் வந்தது. பரிசல் சுழன்றதில் அருவி ஒதுங்கிப்போய், பின்னால் பாறை. மேலே தண்ணீர் தெறித்து மல்லிகா சிரிக்கிறாள். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது, கண், பல், மூக்குத்தி எல்லாம்.

அந்த நிறத்தைக் கேமரா எடுக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. இருந்தும் வெட்டினேன். பாட்டு முழுக்க ரீட்டா வாயசைக்கும்போது நடுவில் இது யார் என்று கேட்பார்கள், கன்டினியுட்டி போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கன்டினியுட்டியாம்! வேலை முடிந்ததும் ஒகேனக்கலில் எடுத்த அந்தக் கேசட்டை ரீவைண்ட் செய்து கம்பைநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். கேசட்டை மறுபடி உபயோகிப்பதுதான் எங்கள் வழக்கம். அவள் சிரிப்பின் மேல் யார் வீட்டு நலங்கோ ஏறிவிட்டது.

4. ஆண்டு விழா

ஹாலில் மேஜை போட்டு டி.வி. வைத்திருந்தார்கள். மல்லிகாவின் அம்மா மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, முன்னால் உட்கார்ந்திருந்தார். கூடவே அந்தச் சித்தப்பாவும். பாட்டு ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அந்த அம்மா தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். "கொரலு உன்னுதுதான். உன்னக் காணமே?"

"இதுக்குத்தான் பொழப்ப வுட்டுட்டு வந்தமா?" என்றார் சித்தப்பா.

அந்த அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. நேரே என்னிடம் கேட்டார். "ஏங்க பாய், எம் புள்ள மூஞ்சி நல்லாயில்லீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். குணசேகரன் தரையைப் பார்த்தான்.

மல்லிகாதான் சொன்னாள். "அட, அதெல்லாம் இல்லம்மா. எடுத்த அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். பாய் எவ்வளவோ கூப்புட்டாரு, நாந்தான் போவல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்கம்மா" என்றேன் நான்.

"காய்ச்சலா? சொல்லவே இல்லியே!" என்று அந்த அம்மா அங்கேயே மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம், "காய்ச்சலோட கெடந்தும் எம்மாம் நல்லாப் பாடிக் குடுத்திருக்கா பாரு. அவ படிக்கட்டும்" என்றார். மல்லிகா படிப்பை முடித்தாள். அதற்கு அவள் குரலும் அவள் பொய்யும் காரணம். என் வீடியோவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

5. ஒரு கேள்வி

அதற்கப்புறம்தான் கேமராவோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். பட்டனைக் கண்டுபிடித்தேன். கட்டைவிரல் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு காலேஜ் கேட்டுக்குப் போய் மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"திரும்ப எடுத்துரலாம்மா. உன்ன மட்டும் வச்சு."

"இப்ப என் நிறத்த எடுக்குங்களா, பாய்?"

"எடுக்கும்மா. இதோ, இந்தப் பட்டன அமுக்கினா போதும்."

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். "ஒரு பட்டன்தானுங்களா?" என்றாள்.

"கிளாஸுக்கு நேரமாச்சுங்க பாய்" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பிகளா, இப்போது உங்கள் கேமராவெல்லாம் தானாகவே முகத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஆனாலும் என்றைக்காவது ஒரு முகம் சரியாக விழாது. அன்றைக்கு எதிரில் நிற்கிறவரிடம், உங்கள் முகத்தைக் கேமரா எடுக்காது என்று சொல்லாதீர்கள். எனக்கு எடுக்கத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். பரிசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையிடம் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.