அருவி அடித்த முதுகு

குற்றாலத்தில் சாரல் விழுகிறது. அருவிக்குப் போகும் தெருவில் ஒரு சின்ன அறையில் குப்புறப் படுத்திருக்கிறேன். இடுப்பைச் சுற்றி அக்குபஞ்சர் ஊசிகள் நிற்கின்றன. இன்று செங்கோட்டையில் ரயில் பிடித்து, நாளை கொல்லத்தில் ஓட்டல் வேலைக்குச் சேர வேண்டும். நிமிர முடியாதவனை யார் சேர்ப்பார்கள்?

"முதுகுவலியோட அருவியில போயா நின்னிய அண்ணாச்சி?" என்கிறார் ஊசி போட்ட டாக்டரம்மா.

"தண்ணி அடிச்சா வலி போயிரும்னு எல்லாரும் சொன்னாங்களே."

"அந்த எல்லாரும்தான் மறுநாள் இங்கன வந்து படுக்காங்க."

பக்கத்துக் கட்டில்காரர் சிரிக்கிறார். "சிரிக்காதீய, ஊசி ஆடுது" என்று அவருக்கும் ஒரு அதட்டல்.

ஊசிகளை எடுத்ததும் மெல்ல எழுகிறேன். வலி போகவில்லை. ஆனால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடிகிறது. மூலையில் வைத்த என் பயணப் பையை எடுக்கப் போகிறேன்.

"பையத் தோள்ல போடாதீய. ரெண்டு நாள் படுத்துக் கெடங்க."

"ரயில் எனக்காக நிக்காதே டாக்டரம்மா."

தோளில்தானே போடக் கூடாது? ஒரு துண்டுக் கயிறு கேட்டு வாங்கிப் பையில் கட்டுகிறேன். குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்கள் விலகி வழிவிடுகிறார்கள். பை தெருவில் உரசிக்கொண்டு பின்னால் வருகிறது. செங்கோட்டை பஸ் நிற்கும் இடம் வரை நிமிர்ந்தே நடக்கிறேன்.