இருவர் மட்டும் வைத்திருந்த பெயர்

ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் முதன்முதல் குடியிருந்த மாடிவீட்டின் தபால்பெட்டியில் இரண்டு குடும்பப் பெயர்கள் ஒட்டியிருந்தன. ஒன்று என் கணவருடையது. மற்றது எனக்கும் மகளுக்கும் உரியது. கீழ்வீட்டில் இருந்த டேனிஷ் அம்மா ஆறு மாதம் அதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் படியில் என்னை மறித்து, உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் அந்த மனிதர் நல்ல அமைதியானவர், பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறார் என்று பாராட்டினார். அவர்தான் பிள்ளையின் அப்பா என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்.

அவரில் பிழையில்லை. எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயர், மனைவியின் பெயரோடு கணவன் பெயர், அவ்வளவுதான். டென்மார்க் வந்திறங்கிய அன்று படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் கண்ட என் கணவர், தன் அப்பாவின் பெயரை எழுதினார். பின்னால் வந்த நான் அதே கட்டத்தில் இவர் பெயரை எழுதினேன். மகள் பிறந்தபோது அவளுக்கும் இவர் பெயர். எங்கள் கணக்கில் எல்லாம் சரி. டேனிஷ்காரர் கணக்கில் இவர் வாடகைக்கு இருப்பவர்.

இதில் எனக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. மன்னாரில் என் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். "இஞ்சருங்கோ" என்ற ஒரு சொல்லோடு எங்கள் குடித்தனம் ஓடியது. ஆனால் இங்கே வைத்தியருக்குத் தொலைபேசி அடித்தாலும் வங்கிக்கு அடித்தாலும் கடைசிப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். முதலில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ச் சொன்னேன். இவர் கதவுக்கு வெளியே நின்று சிரிப்பார். "எனக்கு ஒருக்காலும் சொல்லமாட்டா, வங்கிக்காரனுக்கு மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்லுறா."

இவர் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரைச் சொல்வதற்கு எனக்கு ஆசை வந்தது. யாராவது கடைசிப் பெயர் கேட்டால் நிதானமாக, முழுதாகச் சொல்வேன். அவர்களுக்கு விளங்காவிட்டால் நல்லது, இன்னொரு தரம் சொல்லலாம்.

ஒரு பெயரை இந்த நாட்டில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் அரச இணையப் பக்கம் ஒன்று உண்டு. நான் வேலை செய்யும் சலவை ஆலையில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு தோழி எனக்குக் காட்டினாள். அவளுடைய பெயருக்கு ஊர் நிறைய ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து இவருடைய கடைசிப் பெயரை, அதாவது மாமாவின் பெயரை, அடித்துப் பார்த்தேன். பூச்சியம். இவர் ஒருவர்தான் அதை வைத்திருந்தார். பிறகு என்னுடையதை அடித்தேன். இரண்டு. நானும் மகளும். அன்று கோப்பி ஆறும்வரை அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் வைலேயில் இருக்கிறாள். மருமகன் டேனிஷ்காரன், ஆனால் அவனுடைய குடும்பப் பெயர் இத்தாலியப் பெயர். இத்தாலிய மொழியில் அவனுக்குத் தெரிந்தது சாப்பாட்டின் பெயர்கள் மட்டும். அவனுடைய அப்பா, என் சம்பந்தி, ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனுக்கு அப்பன் இத்தாலியின் வடகிழக்கு மலைப்பக்கத்திலிருந்து தரை போட வந்தவராம். கல்லுத் துண்டுகளைச் சீமெந்தில் பதித்து, தேய்த்து மினுக்கிய தரை. கோப்பன்ஹேகனில் பழைய கட்டடங்களின் படிகளில் நீங்களும் மிதித்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் மற்றவர்கள் திரும்பிப் போக, அவர் மட்டும் ஒரு டேனிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்.

சம்பந்தி வீட்டு வரவேற்பறையில் ஒரு கேடயப் படம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. நடுவில் வாள் பிடித்த சிங்கம். இலங்கைக் கொடியிலும் அதே சிங்கம்தான், அதைப் பார்த்ததும் இலங்கைத் தமிழருக்கு என்ன தோன்றும் என்பது வேறு கதை. தங்கள் பெயர் ஒரு மலைக்கோட்டைப் பிரபுவின் பெயர் என்று சம்பந்தி சொன்னார். படம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். இத்தாலிக்குச் சுற்றுலா போனபோது ஒரு கடையில் பெயரைச் சொன்னதும் அச்சடித்துக் கொடுத்தார்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவருடைய பெயரை இந்த நாட்டில் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். அவர், முதியோர் இல்லத்தில் இருக்கும் அவருடைய அக்கா, மருமகன். இப்படி அரிதான பெயர்களுக்கு இங்கே சட்டக் காவலும் உண்டு, உறவில்லாத ஒருவர் கேட்காமல் எடுத்துவிட முடியாது. எங்கள் பெயருக்கும் அதே காவல்தான், ஆனால் அதைத் திருட யாரும் வரிசையில் நிற்கவில்லை.

மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்த அன்று, சம்பந்தி ஆஸ்பத்திரி வாசலில் பூவோடு நின்று, "இனி நாங்கள் நான்கு பேர்" என்றார். நல்ல மனிதர், சந்தோசத்தில் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைக்கு அவர்கள் பெயர் போனால், மகளுக்குப் பிறகு இவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. எங்கள் வழக்கப்படியே பார்த்தாலும் தாய்வழித் தாத்தாவின் பெயர் பிள்ளைக்கு வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

இங்கே பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயர் பதிய வேண்டும். மகளும் மருமகனும் அவசரப்படவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. அந்த இத்தாலியப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், ஆராய்ச்சி ஆசை பாதிதான். மீதிப் பாதி, அந்தச் சிங்கத்தைக் கீழே இறக்க வேண்டும் என்ற எண்ணம்.

இணையத்தில் உலக வரைபடம் ஒன்று கிடைத்தது. அந்தப் பெயருக்கு இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்னப் புள்ளி, அர்ஜென்டினாவில் இன்னொன்று, டென்மார்க்கில் தூசி போல ஒன்று. கோட்டை எதுவும் தென்படவில்லை. பெயரின் அர்த்தத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள். அதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மன்னார்க் கத்தோலிக்கருக்கு நம்பிக்கையான புத்தகம் ஒன்றுதான், கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. சண்டைக்காலத்தில் அரசாங்கக் கச்சேரியில் இருந்த பிறப்புப் பதிவெல்லாம் போன பிறகு, எத்தனையோ பேர் பங்குச் சுவாமியின் கையெழுத்துத் துண்டை வைத்துத்தான் தாங்கள் பிறந்ததை நிரூபித்தார்கள். நானும் அப்படித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

என்னோடு பள்ளிக்கூடம் படித்த ஒருத்தி வட இத்தாலியில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். அவளைப் பிடித்தேன். பேத்தியின் ஞானஸ்நானத்துக்குச் சம்பந்தியின் பூர்வீகம் தேடுகிறோம் என்று மருமகனிடம் சொல்லி, தரை போட வந்தவரின் பழைய கடவுச்சீட்டுப் படத்தை வாங்கி அனுப்பினேன். அதில் அவர் பிறந்த ஊரின் பெயர் இருந்தது. தோழி அந்த ஊர்க் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஏனடி உனக்கு இந்தத் தேவையில்லாத வேலை?" என்று கேட்டாள்.

"சும்மா அறிவம் எண்டுதான்."

"சும்மா ஒண்டும் நீ செய்யிற ஆளில்லை."

அந்தக் கோயிலில் பழைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை. அவருக்கும் என்னைப் போல அடுத்தவர் கதையை விடுப்பு அறியும் வியாதி இருந்திருக்க வேண்டும். வாரம் ஒரு தலைமுறையாகப் பின்னால் போனார். தரை போட்டவர், அவருடைய அப்பா, அவருடைய அப்பா. மஞ்சள் தாளின் படம் ஒவ்வொன்றாக என் கைபேசிக்கு வந்தது. ஆலையில் இடைவேளையில் அவற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மொழி விளங்காவிட்டாலும் கட்டங்கள் விளங்கின. பிள்ளை, தகப்பன், தாய், ஞானத்தாய். எங்கள் கோயில் புத்தகத்திலும் அதே வரிசைதான்.

ஆறாவது வாரம் தோழி எழுதாமல் நேரே அழைத்தாள். கடைசியாக வந்த பதிவில் தகப்பன் கட்டத்திலும் தாய் கட்டத்திலும் கோடு கிழித்திருந்தது. ஊர்க் கிணற்றடிக்குக் காலையில் துணி வெளுக்கப் போன ஒருத்தி, தொட்டி ஓரத்தில் கிடந்த ஆண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்திருக்கிறாள். அவளே ஞானத்தாயாக நின்றாள். கண்டெடுத்த பிள்ளைகளுக்குப் பொதுப் பெயர் வைத்தால் வாழ்நாள் முழுக்க அடையாளம் தெரியும் என்று, அந்தக் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு குடும்பப் பெயரை எழுதுவார்களாம். இத்தாலியில் பல அரிய பெயர்கள் அப்படி வந்தவைதானாம். இந்தப் பிள்ளைக்குச் சுவாமியார் அதிகம் யோசிக்கவில்லை. தூக்கி வந்தவளின் சொந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டார். அதற்கு முந்திய புத்தகங்களில் அந்தப் பெயரே இல்லை.

நான் தேடிப் போனது கிடைத்துவிட்டது. சிங்கம் இல்லை, கோட்டை இல்லை. எங்களைப் போலவே கட்டம் நிரப்பியபோது பிறந்த பெயர். சந்தோசப்பட வேண்டியவள், விரிப்புக் கட்டுகளுக்குப் பக்கத்தில் கைபேசியோடு நின்றேன். துணி வெளுக்கும் ஒருத்தி. அவளையே நினைத்துக்கொண்டிருந்ததில் அன்று இரண்டு வண்டி விரிப்பை மாறி ஏற்றிவிட்டேன்.

சொல்வதா விடுவதா என்று இரண்டு வாரம் இழுத்தேன். பெயர் பதியும் தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிறு பூசை முடிந்து வைலேக்கு ரயில் எடுத்தேன். மகள் வீட்டில் சம்பந்தியும் இருந்தார். கோப்பியும் கேக்கும் வந்தன. நான் கைபேசியை அவர் முன்னால் வைத்து, எனக்குத் தெரிந்த டேனிஷில் முழுவதையும் சொன்னேன். ஏன் தேடினேன் என்பதையும் சொன்னேன், அதை மறைத்தால் சரியாக இருக்காது.

சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ரயில் ஓட்டியவருக்கு அவசரமில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்டார்.

"தெரியாது. அவளைப் பற்றி வேறு எதுவும் எழுதவில்லை" என்றேன்.

"அவனைத் தூக்கியிருக்கிறாள். அது எழுதியிருக்கிறது."

இன்னொரு தரம் பார்த்தார். கைபேசியை என் பக்கம் தள்ளினார். "ஒருவருமில்லாத பிள்ளைக்குக் கொடுத்த பெயர் இது. இந்தப் பிள்ளைக்கு எல்லோரும் இருக்கிறோம். உங்கள் கணவரின் பெயரை வையுங்கள். எங்களுடையது இவ்வளவு காலம் இருந்துவிட்டது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேண்டாம், வேண்டாம், அந்தப் பெண்ணின் பெயரே இருக்கட்டும் என்றேன். அவர் இல்லை என்றார். நான் ஓம், இருக்கட்டும் என்றேன். மருமகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு கேக்குத் துண்டை எடுத்தான்.

மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் உருகிக்கொண்டிருக்க இவள் யாருக்கு எழுதுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

"பிள்ளை, நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். பெயர் பதியும் படிவம். கடைசிப் பெயர்க் கட்டத்தில் இத்தாலியப் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் நடுப்பெயர் என்ற கட்டம். அதில் இவர் பெயர் இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால் அங்கே இருந்தது என் பெயர். ஆலையில் முதல் இரண்டெழுத்தோடு நறுக்கிக் கூப்பிடும் பெயர் இல்லை, என் அப்பா வைத்த முழுப் பெயர்.

"இதென்ன, கட்டம் மாறிப்போச்சு. அப்பான்ர பேரைப் போடு" என்றேன்.

மகள் என்னோடு எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். சின்ன வயதிலிருந்து அப்படி, நானும் விட்டுவிட்டேன். அன்று தமிழில் சொன்னாள், சொல்லுக்குச் சொல் நிறுத்தி.

"அப்பான்ர பேர் என்னட்ட இருக்கு அம்மா, நான் அதை மாத்தமாட்டன். உங்கட பேர்தான் ஒருத்தரிட்டயும் இல்லை."

அவள் என்ன சொல்கிறாள் என்று சம்பந்தி மகனிடம் கேட்டார். அவன் தனக்கும் விளங்கவில்லை என்றான். நான் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மகள் அனுப்பும் பொத்தானை அமத்தினாள்.